வாங்குவதா விற்பதா

செர்ரிக் கணக்கை முடித்துவிட்டு
மார்ச் முதல் வாரம் ஹார்பினில் இறங்கினேன்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு.
மூக்குக்குள் முடி உறைந்தது முதலில்,
பிறகுதான் ஊர் தெரிந்தது.

பதினொரு வருடம் சிலியில்,
குரிக்கோவின் பழக்கிடங்கில் பேரேடு எழுதியவள் நான்.
கப்பல் கப்பலாகச் சிவப்பை
இந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.
போன பருவத்தில், தொலைபேசியில்,
குவாங்ஜோ வியாபாரியிடம்
விற்கிறோம் என்று சொல்லப்போய்
வாங்குகிறோம் என்றேன்.
எழுத்துக் கூட்டினால் இரண்டும் ஒன்றுதான்.
குரல் குழிக்குள் இறங்கி ஏறினால் வாங்குவது,
படியில் தவறி விழுந்தால் விற்பது.
அவர் சிரித்து முடிக்கும்வரை
நாற்பது கன்டெய்னர்கள் துறைமுகத்தில் காத்துக் கிடந்தன.

ஆறு மாதம் போய் வா, நெலிதா,
சம்பளம் பாதி,
பள்ளியை நீயே பார்த்துக்கொள், என்றார் முதலாளி.

நீயே பார்த்துக்கொள்.
மொழி தெரிந்தவர் மட்டுமே
நல்லது கெட்டது சொல்லக்கூடிய கடை அது.
தெரிந்தவருக்கோ அங்கே என்ன வேலை?

முதல் பள்ளி, கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடி.
லுவான் என்ற இளைஞர்
தேர்ச்சி விகிதம் காட்டினார்: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
மிச்சம் மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.
காப்பி தந்தார்.
அந்த ஒரு மணி நேரத்தில்
என்னிடம் யாரும் சீனம் பேசவில்லை,
லிஃப்டைத் தவிர.

அடுத்தது பல்கலைக்கழகம்.
வெள்ளைப் பின்னணியில் எட்டுப் புகைப்படம்,
ரத்தம், மார்பு எக்ஸ்ரே.
நுரையீரலைப் பார்த்த பிறகுதான்
நாக்கைப் பார்ப்பார்களாம்.
படிவத்தில் சீனப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது.
எழுத்தர் பத்து நொடியில் எனக்கொரு பெயர் வைத்தார்.
என்ன பொருள் என்றேன்.
கட்டத்துக்குள் அடங்கும், என்றார்.

மூன்றாவது, ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே.
பெயர்ப்பலகையில் பாதி விளக்கு எரியவில்லை.
கீழே துளைக்கும் கருவி கத்த
மேலே நாங்கள் வாயைத் திறந்தோம்.
வெப்பக்குழாய் தாங்காமல்
ஆசிரியை தோங் ஷூஃபென்
ஜன்னலை விரலளவு திறந்து வைத்திருந்தார்.
மேசையில் ஒரு பேசின்.
தண்ணீருக்குள்
நிலக்கரிபோல் கறுத்த பேரிக்காய்கள்,
தெருவில் உறைய வைத்து விற்பவை.
உள்ளிருந்த பனி மெல்ல வெளியே வந்து
தோலைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டிருந்தது.

மாதிரி வகுப்பில் எனக்கு முன்னே கென்னாதி,
கபரோவ்ஸ்க்கில் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர்,
மூன்று மாதமாகப் படிக்கிறார்.
உதிரி பாகம் வாங்க வந்தேன், என்பது வாக்கியம்.
விற்க வந்தேன் என்றார்.
தோங் சிரிக்கவில்லை.
மறுபடி.
விற்க வந்தேன்.
மறுபடி.
பதினொரு தடவை எண்ணினேன்.
பன்னிரண்டாவதில் வாங்கிவிட்டார்,
அவராலேயே நம்ப முடியவில்லை.
அப்புறம் என் முறை. விழுந்தேன்.
மறுபடி.

மூன்று மாதம் படித்தும் இந்த லட்சணமா
என்று எழுந்து போயிருக்க வேண்டும்,
புத்தியுள்ளவர்கள் போயிருப்பார்கள்.
எனக்குத் தோன்றியது இதுதான்:
இங்கே நான் கடைசி இல்லை.

ஒப்பந்தம் நான்கு பக்கம். ஓர் எழுத்து புரியவில்லை.
எண்களை மட்டும் கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
முந்நூறு யுவான் இடித்தது.
தங்களுக்கே குறைத்துப் போட்டிருந்தார்கள்.
விரலால் தொட்டுக் காட்டினேன்.
தோங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பென்சிலால் மூன்று முறை கூட்டினார்,
அடித்தார், திருத்தினார்,
என்னை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
நான் கையெழுத்துப் போட்டேன்.

பேசினுக்குள் கைவிட்டு
ஒரு பேரிக்காயின் ஓட்டைத் தட்டி உடைத்து
என் பக்கம் தள்ளினார்.
தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்:
எவ்வளவு?

விற்பதற்கில்லை, என்றார்.
அந்தச் சொல் படியில் விழுந்த சத்தம்
எனக்கு நன்றாகவே கேட்டது.

கென்னாதி இரண்டாவது பழத்தைக் கடித்திருந்தார்,
சாறு முழங்கைவரை.
கீழே துளைக்கும் கருவி நின்றது.
யாரோ துப்பினார்கள்.