பிழைத்தது

டோம் ஆறு உறைந்து மூன்று வாரம்.
ஜன்னலுக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தேழு.
கிருமி வளரும் பெட்டிக்குள் மேலே முப்பத்தேழு.
நடுவில் நான்,
இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு
முட்டை உடைக்கிறேன்.

காசநோய்க் கிருமிக்கு முட்டை பிடிக்கும்.
அடித்துக் கலக்கி, பச்சைச் சாயம் விட்டு,
குழாய்களைச் சாய்த்துவைத்துச் சூட்டில் இறுகவிட வேண்டும்.
நாலு மாதமாய் எங்களுக்குச் சம்பளம் இல்லை.
முட்டை மட்டும் திங்கள் தவறாமல் வந்துவிடுகிறது.
அதுகளுக்கு முட்டை, நமக்கு உருளைக்கிழங்கு என்பாள் அக்லாயா,
ஓடுகளை எண்ணிக் குறித்துக்கொண்டே.

போன வருஷம் செப்டம்பரில் வந்த சளி:
கைருல்லின், ராவில். சிறைக்காலனி. வயது நாற்பத்தொன்று.
நாலு குழாய்.
ஒன்றில் மருந்தில்லை, மூன்றில் மூன்று மருந்து.
ஆறு வாரம் கழித்துத் திறந்தால்
முதல் குழாயில் மட்டும்
பூக்கோசுத் துணுக்கு போலச் சொரசொரவென்று.
மற்ற மூன்றும் வெறும் பச்சை.
நல்ல சேதி. கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அப்புறம் நடந்தது காவலன் ஒருவன் சொல்லித்தான் தெரியும்.
நோயாளிக் கட்டிடத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் உண்டு.
குணமானால் மரம் அறுக்கும் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும்.
ராவில் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிவைத்து
ஒரு நாள் விழுங்கினான்,
இரண்டு நாள் விற்றான்,
பொட்டலம் தேயிலைக்கு.
அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.
வெண்ணெய் வெண்ணெய்தான்.

அவன் நெஞ்சுக்குள்
கோடி கோடியாய்ப் படியெடுத்துக்கொண்டிருந்தன அவை.
கண்ணில்லாத எழுத்தர்கள்.
பழைய ஏட்டைத் தடவித் தடவி
மருந்து மருந்து மருந்து என்று எழுதிக்கொண்டே வந்த ஒன்று
எங்கோ ஓரிடத்தில்
மறந்து என்று எழுதிவிட்டது.

ஓரெழுத்து.
வேண்டுமென்று இல்லை. எதிர்த்து நிற்கவும் இல்லை.
மாத்திரை வரப்போவது அதற்குத் தெரியாது.
நாள்தோறும் எத்தனையோ பிழை அப்படிப் பிறந்து
பேரில்லாமல் போகிறது.

அன்றைக்கு மாத்திரை வந்தது.
சரியாய் எழுதியவை செத்தன.
பிழை பிழைத்தது.

மறுநாள் மாத்திரை இல்லை.
அதற்கு மறுநாளும்.
ஆளொழிந்த நெஞ்சில் அது இரண்டாயிற்று,
சாவகாசமாக, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் எடுத்துக்கொண்டு.
பிறகு நாலு.
அந்த நாலின் வழியில் எங்கோ இன்னொரு எழுத்து,
இன்னொரு மருந்து.

மார்ச்சில் விடுதலை.
அரைக் கிணறு தாண்டியவனை
எப்படி ரயிலேற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்கிற இடத்தில் நான் இல்லை.

இன்று காலை
அசினோவிலிருந்து வந்திருந்த சளியின் குழாய்களை வெளியே எடுத்தேன்.
நாலிலும் பூக்கோசு.
ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாமல்,
மருந்தே இல்லாததுபோல.

சீட்டைப் பார்த்தேன்.
கைருல்லினா, அல்சூ. வயது பதினாறு.
எழுதினவள் பிழைசெய்துவிட்டாள் என்றுதான்
ஒரு கணம் நினைத்தேன்.
பிழையில்லை.
மகளுக்குப் போகும்போது எங்கள் குடும்பப்பேரில்
கடைசி எழுத்து மாறும்.

பேனாவின் மை உறைந்திருந்தது.
உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன்.
எத்தனை உடைத்தாய் என்று அக்லாயா கேட்டாள்.
அறுபது.
இரண்டு வரும்போதே உடைந்திருந்தது.