அடிக்குறிப்பு

மீன் ஏலக்கூடத்து வாடை போக
கையை எலுமிச்சையால் தேய்த்துவிட்டு
விகோ நகரில், துறைமுகத்துக்கு மேலே நான்காம் மாடியில்,
சபேலா கட்டுரைக்கு உட்காருகிறாள்.
ஆயிரத்து ஐந்நூறு சொற்கள். வெள்ளிக்கிழமைக்குள்.

ஓவியத்தில் ஒருத்தி மீன் செதில் சுரண்டுகிறாள்.
அதைப் பார்த்து ஒருவர் எழுதியது பதினான்கு வரி.
அந்த வரிகளைப் பற்றி இவள்.
யாரோ அரிந்து யாரோ சமைத்ததற்கு
உப்புப் பார்க்கிற வேலை.

‘கத்தி ஒரு பிறை’ என்கிறது ஏழாம் வரி.
‘சிறந்த உருவகம்’ என்றெழுதி
அடித்துவிடுகிறாள்.

ஞாயிறன்று அருங்காட்சியகத்தில்
காவலர் இரண்டு முறை இருமும்வரை
கிட்டப் போய்ப் பார்த்தாள்.
வாலிலிருந்து தலைக்குப் போகவேண்டிய கத்தி
தலையிலிருந்து வாலுக்கு இறங்குகிறது.
அப்படிச் சுரண்டினால் ஒரு செதில்கூட எழும்பாது.
நிற்க வைத்த பெண்ணுக்கும் தெரியவில்லை,
வரைந்தவனுக்கும்.

இதற்கு அடிக்குறிப்பு எப்படிப் போடுவது?
ஆதாரம்: என் இடது சுண்டுவிரல், நான்கு தையல்.

திரும்பக் கவிதைக்கு வருகிறாள்.
பதினோராம் வரி:
‘இந்தக் கை இவளுடையது அல்ல.’
பக்கத்தில், போன வாரம்
பென்சிலால் தான் போட்ட கேள்விக்குறி.

அதை அழிக்கிறாள்.
தாள் கொஞ்சம் கிழிகிறது.

எண்ணூற்று அறுபது சொல்.
நாலு மணிக்குப் படகுகள் வந்துவிடும்.