பல் வைத்தியர்தான்

நாவலில் வரும் ரமோனா ஃபெரலுக்கு
பன்னிரண்டு பாகம் ஆகியும்
ஒருமுறைகூடச் சிறுநீர் முட்டியதில்லை.
காருக்குள் ஒன்பது மணி நேரம்
கண்கொத்திப் பாம்பாய் உட்கார்ந்திருப்பாள்.
குதிகால் செருப்போடு கூரை விட்டுக் கூரை தாவுவாள்.
இரவெல்லாம் விஸ்கி குடிப்பாள்,
விடிந்தால் தலை வலிக்காது.

நான் நெலிடா எச்செவெரி.
மான்டெவிடியோவில், யாகுவரோன் தெருவில்,
சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடியில்
ஓர் அறை, ஓர் எழுத்து உதிர்ந்த பெயர்ப்பலகை.
கீழே இரும்பு அரைபடும் சத்தத்தினூடே
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த
கணவர்களின் அங்க அடையாளங்களைக்
குறித்துக்கொள்வேன்.
துப்பாக்கி கிடையாது. ஃபிளாஸ்க் உண்டு.
கக்கத்தில் வெந்நீர், கையில் மாத்தே குடுவை:
அப்படி எவள் எந்த முனையில் நின்றாலும்
இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
இதைவிட நல்ல மாறுவேடம்
எந்த நாவலாசிரியருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ட்ரிஸ்டான் நர்வாஹா சந்தையில்
பழைய குழாய்களுக்கும் கூண்டுக் குருவிகளுக்கும் நடுவே
ஏழாம் பாகம் கிடைத்தது.
முப்பத்தொன்றாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்:
"பல் வைத்தியர்தான்."

பாவி.
இன்னும் பிணமே விழவில்லை.

அதற்குமேல் அந்த மனிதர்
சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.
அவர் கை கழுவுகிற வரிகளுக்கெல்லாம் கீழே
அதே பென்சில், அழுத்தமில்லாத கோடு.
நூற்று நாற்பதாம் பக்கத்தோடு கோடுகள் நின்றன.
அங்கே ஒரு சலவைக்கடை ரசீது:
உனியோன் கிளை. சீருடைக் கோட்டு ஒன்று.
பொத்தான் இரண்டு குறைவு.

மீதியைப் படுக்கையில் படித்து முடித்தேன்.
கொன்றது தங்கை.
வைத்தியர் செய்த ஒரே குற்றம்
நல்ல பல் ஒன்றை மாற்றிப் பிடுங்கியது.

யாரும் காசு தராத வழக்கு.
இரண்டு பிற்பகல் போயின;
சலவைக்காரியிடம் ஒரு பொய்,
பணிமனை வாசற்காவலரிடம் அரைப் பொய்.
ஸுல்மா கஸேரெஸ், பேருந்து ஓட்டுநர்.
சன்னல் பக்கத்து இடது கை வெயிலில் கறுத்து,
வலது கை வேறு யாருடையதோ போல வெளுத்து.
பொத்தான்கள் இன்னும் இரண்டு குறைவு.

"நூற்று நாற்பதுக்கு மேல
எழுதினவருக்கே களைச்சுப் போகும்.
எனக்கு அதுவரைக்கும் போதும்.
ஆளைக் கண்டுபிடிச்சாச்சுன்னா
புத்தகத்தை வித்துடுவேன்.
இதுவரைக்கும் பதினோரு புத்தகம்.
பதினொண்ணிலயும் நான் சொன்ன ஆள்தான்."

யார் சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"நீங்க முழுசாப் படிச்சீங்களா? சரிதானே?"

மணிக்கணக்கில் உண்மை விற்பவள் நான்.
யாரோடு, எந்த ஓட்டல், எத்தனை மணிக்கு;
படத்தோடு, ரசீதோடு, வரியோடு.
வாங்கிக்கொண்டவர்கள்
என் மாடிப்படியை இறங்கும் சத்தம் எனக்குப் பழக்கம்.
ஒரு படி. நிற்பார்கள்.
அப்புறம் இன்னொரு படி.

கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.
வரிசையில் எனக்குப் பின்னால் ஆறு பேர்.

"பல் வைத்தியர்தான்," என்றேன்.

ஸ்டீரிங்கை ஓங்கித் தட்டினாள் ஸுல்மா.
"அந்தக் கை கழுவுற லட்சணத்திலேயே தெரியும்!"

டிக்கெட் கேட்கவில்லை.
எட்டு நிறுத்தம் இலவசமாகப் போனேன்,
எனக்கு ஒரு வேலையும் இல்லாத திசையில்.