பன்னிரண்டு நிமிடம்

வலது முழங்காலுக்கு முப்பத்தெட்டு டிகிரி,
பன்னிரண்டு நிமிடம், அதற்குமேல் ஒரு நொடியும் கூடாது
என்று எழுதித் தந்தார் டாக்டர் கோலாரோவா.
சீட்டின் பின்பக்கம் மலைப்பாதைகளின் படம்.
சிவப்புக் கோடு நான்கு மணி நேரம்.
நீலக் கோடு என்னைப் போன்றவர்களுக்கு.

ரோடோப் மலையில் அக்டோபர்.
பேருந்து இறக்கிவிட்ட இடத்திலேயே
அவித்த முட்டை வாடை.
கந்தகம் என்று நினைத்தேன்.
முட்டையேதான்.
வெந்நீர்க் குழாயடியில்
‘முட்டை அவிக்கத் தடை’ என்ற பலகைக்குக் கீழே
வலைப்பையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தாள் திம்கா.
நகராட்சி ஆள் வருகிற நேரம் அவளுக்கு அத்துபடி.
எட்டில் ஒன்று அவருக்கு.

குளியல் மண்டபம் தொழிற்சங்கக் காலத்துக் கட்டடம்.
சுவரில் சில்லுக்கல் மீன்கள்.
கண் உதிர்ந்த ஒரு மீனுக்கு
யாரோ பற்பசை வைத்து அடைத்திருக்கிறார்கள்.
மணற்கடிகாரத் தட்டை ஏந்தி வரும் ஸ்னெஜானா
ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒன்றைக் கவிழ்த்துப் போகிறாள்.
மணல் தீர்ந்தால்
பேச்சு பாதியில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும்.

கழுத்தளவு நீரில் ஐந்து ஆண்கள்,
மூடிப்போன ஈயச் சுரங்கத்தவர்கள்.
அஸ்பாரூ சொன்னதில் எனக்குப் புரிந்த பாதி இது:
“இருபத்தாறு வருஷம் இந்த மலைக்குள் இறங்கினோம்.
தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் பீறிட்டு
வேலையைக் கெடுத்தது.
பம்பு வைத்து இறைத்தோம்.
அதைத் திட்டினோம், அதைப் பெற்றவளையும் சேர்த்து.
இப்போது பார்,
அதே தண்ணீருக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிறோம்.”
ஐவரும் சிரித்தார்கள்.
சிரிப்பு இருமலானது.
ஆவிக்குள் அது
யாருடைய இருமல் என்று தெரியவில்லை.

கோஸ்தாவின் மணல் தீர்ந்தது.
அவர் எழவில்லை.
முதுகில், தோலுக்கடியில்
கல்தூள் தங்கிப்போன நீலக் கோடுகள்.
ஸ்னெஜானா வந்தாள், பார்த்தாள்,
கடிகாரத்தை இன்னொரு முறை கவிழ்த்தாள்.
நாங்கள் நால்வரும் நானும்
மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் நீலப் பாதை.
பீச் மரங்களின் இடுப்பில்
முழ நீளத்துக்குப் பூசிய சாயம்.
பிறகு ஒரு மரம் விழுந்து கிடந்தது.
அதன் குறி நேராக வானத்தைக் காட்டியது.
அப்படியெல்லாம் போக முடியாது என்று
அதனிடம் சொல்லிவிட்டு
இடப்பக்கம் இறங்கினேன். தவறு.
அடுத்த குறி இல்லை, அதற்கடுத்ததும் இல்லை.
சருகு, சருகின் மேல் சருகு,
முழங்கால் தன் பழைய வழக்கை
மறுபடி எடுத்துக்கொண்டது.

ஓர் ஓடை குறுக்கிட்டது.
தாண்டக் கல்லைப் பிடித்தபோது
விரல் நனைந்தது. வெதுவெதுப்பு.
அப்புறம் வரைபடம் தேவைப்படவில்லை.
கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை குனிந்து
நீரின் நாடியைத் தொட்டுப் பார்த்தபடி
அதன் பின்னாலேயே போனேன்.

அது கொண்டுபோய் விட்ட இடம்
குளியல் மண்டபத்தின் கொல்லைப்புறம்.
எங்களைக் கழுவிய நீரெல்லாம்
ஒரு சிமெண்டுத் தொட்டியில் விழுந்து வழிகிறது.
சுற்றிலும் புல் மட்டும் இன்னும் ஜூலையில் இருந்தது.
தொட்டிக்குள் பாவாடையைச் செருகிக்கொண்டு
கம்பளம் மிதித்துக்கொண்டிருந்தாள் திம்கா.
நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்கவில்லை.
என் காலணிகளைப் பார்த்தாள்.
“கழற்று” என்றாள்.

மிதித்தோம்.
சிவப்புச் சாயமும் சோப்பும் ஆட்டு வாடையும்
கணுக்காலைச் சுற்றி வந்தன.
மேலே ஜன்னலில் விளக்கெரிந்தது,
ஒருவர் இருமினார்,
தட்டில் கண்ணாடி உரசும் ஓசை கேட்டது.
எத்தனை நிமிடம் என்று
டாக்டர் நாளை கேட்டால்
என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள்
கம்பளத்தின் ஒரு முனை என் கையில் இருந்தது.
“நீ வலப்பக்கம் முறுக்கு.
நான் இடப்பக்கம்.”