நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

முத்துப்பேட்டை கடைத்தெருவில்
ஜூஸ் கடையோடு ஒரே சுவரைப் பங்குபோட்ட
என் மொபைல் சர்வீஸ் கடைக்கு
கால் சேறு காயாமல் வந்தார் இளஞ்சியம்.
நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர்.
திரையின் குறுக்கே
கோரையாறு மாதிரி வளைந்து ஒரு விரிசல்.

"வருகை போடுற ஆப் தொறக்க மாட்டேங்குது ரிஸ்வானா.
ரெண்டு நாளா நாப்பத்தோரு பேரு
வேலைக்கு வந்தும் வரல."

தொட்டுப் பார்த்தேன்.
இந்தச் செயலி உங்கள் பதிப்புக்குப் பொருந்தாது.
அமைப்புகளுக்குள் போய் அப்டேட்டைத் தேடினால்
பச்சை டிக் போட்டு
உங்கள் மென்பொருள் புத்தம் புதிது என்கிறது,
மூன்று வருடமாக அதே பச்சை.

கம்பெனி பொய் சொல்லவில்லை.
அது கடைசியாகக் கொடுத்தது அதுதான்.
மேலே கூகிள் திறந்துவிட்டதை
சிப் செய்கிறவன் மடக்கி,
அவன் விட்டதைக் கம்பெனி வாங்கி
தன் சாயம், தன் கேமரா, தன் தீம் கடை,
அழித்தாலும் போகாத ஒரு ரம்மி,
எல்லாம் கலந்து அனுப்புவதற்குள்
போன வருஷத்து மாடலுக்கே கணுக்கால் தண்ணி.
இது ஏழு வருஷத்து மாடல்.

"கடைமடைன்னு சொல்லு" என்றார்.
நான் சொல்ல வைத்திருந்ததை
முந்திக்கொண்டதில் எனக்குச் சின்ன வருத்தம்.

புதுசு எட்டாயிரம் என்று சொல்ல
வாய் வரவில்லை.
இன்னொரு வழி இருந்தது.
இதே போனை வைத்திருக்கும் யாரோ ஒரு பையன்,
போலந்து என்று நினைக்கிறேன்,
ராத்திரி கண்விழித்து
இதற்கென்று புது ஆண்ட்ராய்டு கட்டியிருக்கிறான்.
காசு கேட்கவில்லை.
பூட்டைத் திறக்க மட்டும்
கம்பெனிக்கு மனுப் போட வேண்டும்.
போட்டேன்.
நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் காத்திருக்கவும்.

"ஏழு நாளு" என்றார், யோசிக்காமல்.
"முறை வச்சு தண்ணி விடுறாப்ல."

அந்த ஏழு நாளும்
ஊராட்சி செயலர் போனைக் கெஞ்சி வாங்கினாராம்.

எட்டாம் நாள் கேபிள் செருகும் முன் சொன்னேன்,
பூட்டுத் திறந்தால் உள்ளே இருக்கிற எல்லாம் அழியும்.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு படம்.
காலையில் ஒன்று, மதியம் ஒன்று,
மண்வெட்டியோடு வரிசையாகப் பெண்கள்,
பின்னால் தூர்வாரிய வாய்க்கால்,
தூர்வாராத வாய்க்கால்,
அதே வாய்க்கால்.

"மேல ஏறுனதெல்லாம் போவட்டும்.
கூலி வராத நாளு மட்டும் எடுத்து வை."

ஒரு நோட்டைப் பிரித்து
தேதி தேதியாக வாசித்தார்.
ஜூஸ் கடை மிக்ஸி ஓய்ந்து ஓய்ந்து இரைந்தது.
நூற்றுப் பன்னிரண்டு படம்
என் கணினியில் ஒதுங்கின.

பிறகு கறுப்புத் திரை.
பிறகு வெள்ளை எழுத்து.
பதினோரு நிமிடம் எதுவும் வரவில்லை.
இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தது.
ரம்மி இல்லை. வருகை ஆப் திறந்தது.
பணம் அனுப்பும் ஆப் மட்டும்
பூட்டு உடைந்த போனை நம்ப முடியாது என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
"அதுல என்ன கெடக்கு, நம்பிட்டுப் போவட்டும் நம்பாட்டிப் போவட்டும்."
இருநூறு கொடுத்தார். நூறு திருப்பினேன்.

மறுநாள் காலை ஒரு படம் அனுப்பினார்.
அதே வரிசை, அதே வாய்க்கால்.
கம்பெனி கேமரா கேட்காமலே பூசிய வெளுப்பு
போலந்துக்காரனிடம் இல்லை போலிருக்கிறது.
வெயிலில் எல்லோரும் அவரவர் கறுப்பில் நின்றார்கள்.
ஒருத்தியின் கன்னத்தில் அம்மை வடு,
ஒருத்திக்கு முன்பல் இல்லை,
இளஞ்சியத்தின் நிழல் மட்டும் ஓரத்தில்.

கீழே குரல் பதிவு:
"அப்ப இத்தன வருசமா
மேல போனது யாரு ரிஸ்வானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
பேட்டரி ஒரு வருஷம் தாங்கும்,
சார்ஜ் போட்டுக்கொண்டே பேச வேண்டாம்
என்று தட்டி அனுப்பினேன்.