முப்பத்தைந்து சென்ட்

இரவு ஒன்றே முக்கால். அதிர்வெண்
நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு.
கட்டுப்பாட்டு அறைச் சுவரில் சிவப்பு எண்கள்.
லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப்
போனை எடுக்கிறேன்.

திரையில் பதினாறு கட்டங்கள்.
கீழ்வரிசை மூன்றாவது மட்டும்
தொட்டபின் யோசித்துத்தான் விழிக்கும்,
வடுவூர் பஸ்ஸில் கைநழுவிய நாளிலிருந்து.
அதில் கைதட்டலை வைத்திருக்கிறேன்.
யார்தான் சரியான நேரத்தில் கைதட்டுகிறார்கள்?

இலவச ஆப். எட்டுத் தடங்களுக்குமேல் காசு கேட்கும்.
ஒன்றில் பிரேக்கர் விழும் ஓசை;
வாலை நறுக்கித் திருப்பிப் போட்டால்
தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் மூச்சிழுப்பதுபோல் வரும்.
ஒன்றில் இரும்புக் கேட்டின் கீல்.
ஒன்றில் கேபிள் குழியின் தவளைகள்,
நாலு மடங்கு இழுத்து நீட்டியவை;
இப்போது அவை கடன் பற்றிப் பேசும் ஆண்கள்.
மற்றதெல்லாம் நான் விரலால் வரைந்த அலைகள்,
ரம்பப்பல், சதுரம்,
சதுரமாக இருக்கமாட்டேன் என்ற ஒன்று.

மூன்று மாதம் எதுவும் ஒட்டவில்லை.
ஹெட்போனுக்குள் சரியாக இருந்தது
கழற்றியதும் கசந்தது.
ஐப்பசி அடைமழை விட்ட ஒரு ராத்திரிதான் ஆளைப் பிடித்தேன்:
வெளியே பதினாறு எம்.வி.ஏ. மின்மாற்றி
நொடிக்கு நூறு முறை உறுமிக்கொண்டு நிற்கிறது,
என் ஆப் நம்பும் சுரத்துக்கு
முப்பத்தைந்து சென்ட் மேலே.

சென்ட் என்றால் இங்கே நிலம்.
லைன்மேன் அந்தோணிராஜிடம் சொன்னேன்,
"எந்த ஊர்ல? தண்ணி ஏறுமா?" என்றான்.
இது வேறு வரப்பு, அண்ணே.
ஒரு சுரத்துக்கும் அதன் பக்கத்து வீட்டுக்கும் நடுவில்
நூறாகப் போட்டது.

மின்மாற்றியை நகர்த்த முடியாது.
ஆப்பை நகர்த்தினேன்.

போன் வாத்தியம். போன்தான் புகார்ப்பெட்டியும்.
பாஸ் வரி ஏழாம் அடிக்குக் காலெடுக்கும்போது
பெருகவாழ்ந்தான் தையல்நாயகி:
"மும்முனை எப்ப சார்?"
"ரெண்டரைக்கு."
"போன வாரமும் ரெண்டரைன்னு சொல்லி
மூணே காலுக்கு விட்டீங்க.
வாய்க்கால்ல வரும்னு நம்பி நட்டது.
ஆத்துல வந்தது ஆத்தோட போச்சு."
அழைப்பு வந்தால் நிற்கவேண்டிய ஆப்
அன்றைக்கு நிற்காமல் ஓடியிருக்கிறது.
"அங்க என்ன, திருவிழாவா?"
"இல்லம்மா. நான் செஞ்சது."
"போன்லயா?"
"போன்லதான். உங்க மோட்டார் சுருதியில."
எதிர்முனையில் ஒரு கொசு அடிபட்டது.
"எங்க மோட்டாருக்கு சுருதியா,
காயில் கட்டினவன்கிட்ட சொல்லணும்."

இரண்டு முப்பத்திரண்டுக்கு ஃபீடரைக் கொடுத்தேன்.
இரண்டு நாற்பதுக்கு அதே எண்.
"மோட்டார் பக்கத்துலயே புடிச்சிருக்கேன். கேக்குதா?"

போன் கெட்டிக்காரன்.
உறுமலை இரைச்சல் என்று முடிவுகட்டி
வழியிலேயே வெட்டிவிட்டது.
என்னிடம் வந்து சேர்ந்தது தண்ணீர் மட்டும்:
குழாய் வாயில் இரண்டு தும்மல்,
ஒரு முழம் காற்று,
அப்புறம் சேற்றில் பொத்தென்று விழத் தொடங்கியது.
என் தடங்கள் எட்டிலும் இல்லாத ஒன்று.
"கேக்குது," என்றேன்.
"சரி வெக்கறேன், மடை ஒடைச்சுக்கும்."

பதியவில்லை. பதியும் பொத்தானை அழுத்தினால்
ஒரு பெண்குரல் இருவருக்கும் அறிவிப்புச் செய்யும்,
மடையும் மோட்டாரும் பாதியில் விழிக்கும்.

மணி மூன்று.
சுவரில் நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்று.
எங்கெங்கோ யார் யாரோ எதை எதையோ
முடுக்கியிருக்கிறார்கள்.
கணக்குப் பார்த்தேன், இரண்டு சென்ட் குறைகிறது.
நிலமாக இருந்தால் மன்னார்குடி கோர்ட்டில்
பத்து வருஷம் வாய்தா வாங்கலாம்.
முப்பத்துமூன்றுக்கு இறக்கிவிட்டு
முதல் அடியிலிருந்து தொடங்கினேன்.
கைதட்டல் தாமதமாகத்தான் வந்தது.