பாடம் பதினொன்று

ஹோபார்ட்டில் புதன் மாலை ஆறு.
கரகண்டாவில் அப்போது மதியம் ஒன்று, சாப்பாட்டு வேளை.
ஒன்பது மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் அறையிலிருந்து
கிரீஸ் விரலோடு தவுலெத் அழைப்பான்.

பாடம் மூன்று விமான நிலையம்.
"பெட்டி ஏதும் உண்டா?" என்றேன்.
"ஒரு தங்கை. கால்கரியில்."
சிரித்ததில் தேநீரைக் கொட்டிக்கொண்டேன்.
அவன் விமானம் ஏறியதே இல்லை.
தங்கை மகனுக்கு ஆங்கிலம் தவிர ஒன்றும் வராதாம்;
மாமன் ஊமையாகவா இருப்பது?

ஜன்னல் பக்கம் போனைத் திருப்பி மலையைக் காட்டுவேன்.
சுரங்கக் கசடு குவிந்த கருங்குன்றைக் காட்டி
"இதுவும்தான்" என்பான்.
நான் திருத்துவேன். அவன் எழுதிக்கொள்வான்.
எது பாடம், எது பேச்சு என்று
எப்போது குழம்பியதோ தெரியாது.

நேற்று, இறந்தகாலம்.

"கிரெய்க் வெங்காயம் சாப்பிடுவதில்லை" என்று
ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன்.
அவன் நோட்டைப் புரட்டினான்.
"எட்டு மாதமாகக் கிரெய்க் கதை சொல்கிறாய், கெய்லீன்.
எல்லாம் நிகழ்காலம்.
ஒருநாள்கூட உன் பின்னால் அவர் நடந்து போகவில்லையே?"

அடுப்பில் ஏதோ பொங்கியது.
"பிழை என்னுடையது" என்றேன். "சாப்பிட்டதில்லை."
அவன் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கீழே மணி அடித்தது.
நாலாம் மாடியில் யாரோ மாட்டிக்கொண்டார்கள்.
"போ."
"அது சபர்குல் அம்மா. வாரம் ஒருமுறை மாட்டுவார்.
கையில் பின்னல் இருக்கும்."
ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான்,
ஒரு துண்டைத் திரையில் என் பக்கமாக வைத்தான்.

"கிரெய்க் வேறென்ன சாப்பிட்டதில்லை?
மெதுவாகச் சொல்.
முழு வாக்கியமாக."